பிள்ளையை நிறுக்கும் தராசு

பள்ளியிலிருந்து சொல்லி அனுப்புகிறார்கள். தகப்பனார் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போகிறார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘டெஸ்ட்’ எடுத்ததாகச் சொல்லி ஒரு தாளைக் கையில் கொடுக்கிறார்கள். அதில் ஓர் எண்: எழுபத்திரண்டோ, எழுபத்தெட்டோ. பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. பிள்ளை மந்தம், வேறு பள்ளி பார்ப்பது நல்லது என்பது அதன் சாரம். மும்பையில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது கேள்விப்படாத கதை அல்ல.

வீட்டுக்கு வந்ததும் நடப்பது இரண்டில் ஒன்று. பிள்ளைக்கு அடி விழும். அல்லது தலையெழுத்து என்று தாய் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்தத் தாளில் உள்ள எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. ரேஷன் கடையில் கால் கிலோ சர்க்கரை குறைந்தால் தராசைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த மக்கள், பிள்ளையை நிறுத்த தராசைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

திறக்க வேண்டும். பார்சல் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முள் பூஜ்யத்தில் நிற்காமல் இரண்டு கிலோ தள்ளி நிற்கும் தராசில் ஒரே மூட்டையைப் பத்து முறை வைத்தாலும் ஒரே எடைதான் காட்டும். பத்து முறையும் ஒன்றுபோல் காட்டியதால் எடை சரி என்று ஆகிவிடாது. குழந்தை மனோதத்துவ நிபுணர்கள் இதற்கு இரண்டு தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே விடை தருவது நம்பகம். எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதையே அளப்பது ஏற்புடைமை. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத பரீட்சைகள் உலகத்தில் நிறைய உண்டு.

இந்த எண் பிறந்த கதை பாரிஸில் தொடங்குகிறது. சாதாரண வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து தனிக் கவனம் கொடுப்பது எப்படி என்று பார்க்க, 1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. அதையொட்டி ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் என்ற இருவரும் 1905இல் 30 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தயாரித்தார்கள். உதவி தேவைப்படும் பிள்ளையைத் தேடிப் பிடிக்க வந்த கருவி அது; பிள்ளையைக் கழித்துக் கட்ட வந்ததல்ல. அறிவு என்பது கூட்டவே முடியாத சரக்கு என்று பேசியவர்களை பினேயே கண்டித்து எழுதியிருக்கிறார்.

கடல் தாண்டியதும் அது வேறு கைக்குப் போயிற்று. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவில் இறங்கிய குடியேறிகளுக்கு, 1913இல் ஹென்றி காடார்ட் என்பவரின் ஆட்கள் இந்தச் சோதனையை வைத்தார்கள். 1917இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? சோதிக்கப்பட்ட யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ரஷ்யர் ஆகியோரில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் மந்தபுத்தி உடையவர்கள்! கப்பலின் அடித்தட்டில் நாள்கணக்கில் வந்தவர்கள், பாஷை தெரியாத ஊர், எதிரே அதிகாரி, கேள்வியோ மொழிபெயர்ப்பாளர் வாய் வழியாக வருகிறது. தாராவிக்கோ சயானுக்கோ முதன்முதலாக வந்து இறங்கிய நாளில் தமிழ்நாட்டுக்காரர் யாரையாவது உட்காரவைத்து இப்படிக் கேட்டிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்?

பழைய காலம், அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கலிபோர்னியாவில் மெக்சிகோ வழி வந்த விவசாயக் கூலிகளின் பிள்ளைகள் ஒன்பது பேரை, மந்தபுத்திக்காரர்களுக்கான தனி வகுப்பில் போட்டிருந்தார்கள். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் அவர்கள். சோதனை நடந்தது ஆங்கிலத்தில். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் அவர்களை ஸ்பானிஷில் மறுபடி சோதித்தபோது, பெரும்பாலோர் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். பிள்ளைகள் மாறவில்லை, கேட்ட பாஷை மாறியது, அவ்வளவுதான். வழக்கு கோர்ட்டுக்குப் போய், 1970இல் சமரசமாக முடிந்தது. பிள்ளையை அதன் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று மாநிலம் ஒப்புக்கொண்டது. கூலிக்காரர்கள் கேட்டுப் பெற்ற உரிமை அது.

பாஷை மட்டும் சரியாக இருந்தால் போதுமா? போதாது என்று காட்டியது ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் நடந்த ஒரு சோதனை. ஷான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து மேதை ஏற்கெனவே ஒன்று செய்து பார்த்திருந்தார். இரண்டு வரிசையில் சமமாகக் காய்களை அடுக்கிக் குழந்தையிடம் காட்டுவார். ‘இரண்டிலும் ஒரே எண்ணிக்கையா?’ என்றால் குழந்தை ஆம் என்னும். பிறகு அதன் கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை நெருக்கிவைத்து, அதே கேள்வியை மறுபடி கேட்பார். நான்கைந்து வயதுக் குழந்தைகள், நீளமான வரிசையில்தான் அதிகம் என்று சொல்லிவிடும். எண்ணிக்கை பற்றிய அறிவு அந்த வயதில் வரவில்லை என்பது பியாஜே கண்ட முடிவு.

மெக்கேரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இருவர் 1974இல் இதையே சிறு மாற்றத்துடன் செய்தார்கள். வரிசையைப் பெரியவர் கலைக்கவில்லை. ஒரு கரடிப் பொம்மை பெட்டியிலிருந்து குதித்து வந்து விஷமம் செய்து கலைத்தது. பழைய முறையில் ஆறில் ஒரு குழந்தை சரியாகச் சொன்ன இடத்தில், இப்போது பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் சரியாகச் சொன்னார்கள்.

காரணம் யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு, கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டால், வேறு பதில் எதிர்பார்க்கிறார் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. வாத்தியார் ‘நன்றாக யோசித்துச் சொல்’ என்று இரண்டாம் முறை கேட்டதும், சரியான விடையை மாற்றிச் சொல்லிவிட்டு உட்காராத மாணவன் யார்? அறிவுக்குறைவு என்று எழுதப்பட்டது, பெரும்பகுதி மரியாதைதான்! பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதே என்று வளர்க்கப்படும் தமிழ்ப் பிள்ளைகள் விஷயத்தில் இதைச் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஆனாலும் உழைக்கும் மக்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டிய ஆராய்ச்சி பிரேசில் நாட்டில் நடந்தது. ரெசிஃபே என்ற துறைமுக நகரத்தில் சந்தையிலும் தெருமுனையிலும் தேங்காய், பழம் விற்கும் பிள்ளைகள் ஐந்து பேர். வயது 9 முதல் 15 வரை. கராஹர் தம்பதியும் ஷ்லீமான் என்ற அம்மையாரும் கொண்ட ஆராய்ச்சியாளர் குழு வாங்க வருபவர்கள் போலப் போய், ‘பத்துத் தேங்காய் என்ன விலை? பணத்துக்கு மீதி எவ்வளவு?’ என்று பேச்சுவாக்கில் கேட்டது. நூற்றுக்கு 98 விடை சரி. ஒரு வாரத்துக்குள் அதே பிள்ளைகளுக்குத் தாளும் பென்சிலும் கொடுத்து, அதே மாதிரியான கணக்குகளை வைத்தார்கள். கதை சொல்லிக் கேட்ட கணக்கில் 74. வெறும் எண்களாக எழுதிக் கொடுத்ததில் வெறும் 37. இது 1985இல் வெளியான ஆராய்ச்சி.

ஐந்து பிள்ளைகளை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் ஆராய்ச்சி அமைந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஏழைப் பிள்ளையைப் பணக்காரப் பிள்ளையோடு அங்கே ஒப்பிடவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன்னோடு தானே ஒப்பிடப்பட்டது. அதே மூளை, அதே வாரம், அதே அளவுக் கணக்கு. தெருக் கணக்கு முதலில் நடந்தது. எனவே பழக்கம் ஏறியிருந்தால் தாள் கணக்கில்தான் மார்க் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை, சரிந்தது. 98க்கும் 37க்கும் இடையில் உள்ள அந்தப் பள்ளம் பிள்ளையின் தலைக்குள் இல்லை. அளந்த முறையில் இருக்கிறது. சனிக்கிழமை தகப்பனோடு இட்லி வண்டியில் நின்று சில்லறை கொடுக்கும் பையனுக்குக் கணக்கு வராது என்று பிராக்ரஸ் கார்டு சொன்னால், அந்தக் கார்டுக்கு எதிர்சாட்சி வண்டியிலேயே நிற்கிறான்.

நம் நாட்டில் என்ன தராசு? பினேயின் அளவுகோலை தார்வாடில் வி.வி. காமத் 1930களில் கன்னடம், மராத்தி பேசும் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய உழைப்பு, பாராட்ட வேண்டியது. நாகபுரியில் இருந்த மாலின் பாதிரியார் 1969இல் வேறொரு சோதனையை இந்தியப் பிள்ளைகளுக்கென்று தழுவினார். இந்த இரண்டின் பெயரையும் இன்றுகூட ரிப்போர்ட்டுகளில் பார்க்கலாம். கன்னடப் பிள்ளைக்கும் மராத்திப் பிள்ளைக்கும் தைத்த சட்டையைத் தமிழ்ப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து, கை நீளம் போதவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்லலாமா?

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஒரு பிள்ளையின் எண் என்பது, அந்தச் சோதனை தயாரான காலத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடப்படுவது. தலைமுறைக்குத் தலைமுறை இந்த மார்க் ஏறிக்கொண்டே வந்திருப்பதை ஜேம்ஸ் ஃப்ளின் 1984இல் அமெரிக்கக் கணக்குகளைக் கொண்டு காட்டினார். பத்து ஆண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி வீதம். அப்படியானால் தாத்தா காலத்து அளவுகோல் இன்றைய பிள்ளையை இருப்பதைவிட உயர்த்தியும் காட்டக்கூடும். பார்க்க நல்ல செய்தி போலத் தோன்றும். நல்ல செய்தி அல்ல. உண்மையிலேயே உதவி தேவைப்படும் பிள்ளை ‘பரவாயில்லை, சாதாரணம்’ என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படும்.

ஆகவே டெஸ்ட்டே வேண்டாம், எல்லாம் மோசடி என்று கிளம்புவது தவறு. அப்படிப் பேசுபவர்களும் நம்மிடையே உண்டு. எவ்வளவு முயன்றாலும் வாசிக்க முடியாத பிள்ளை உண்மையாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்தக் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். ‘பாஷை மாறியதால் திணறுகிறான், சரியாகிவிடும்’ என்று நான்கு வருஷம் தள்ளிப்போட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். மந்தம் என்று தவறாக முத்திரை குத்துவதும், குறையைக் கவனிக்காமல் விடுவதும் ஒரே கோணல் தராசின் இரண்டு தட்டு.

தாளை வாங்கும்போதே பெற்றோர் கேட்க வேண்டியவை சில உண்டு. சோதனையின் பெயர் என்ன? எந்த மொழியில் கேட்டார்கள்? கேட்டவர் பயிற்சி பெற்ற நிபுணரா, வகுப்பு டீச்சரா? எத்தனை நேரம் நடந்தது? பிள்ளைக்கு அன்று காய்ச்சலா? கண்ணையும் காதையும் டாக்டர் பார்த்தாரா? காது மந்தத்தைப் புத்தி மந்தம் என்று எழுதிவிடுவது எளிது. தமிழ் தெரிந்த ஒருவரைக் கொண்டு மறுபடி பார்க்க முடியுமா என்று கேட்பதும் குற்றமல்ல. ஒரே ஒரு சோதனையை வைத்து, ஒரே ஒரு நாளில் முடிவு கட்டக்கூடாது என்பதை நல்ல நிபுணர்களே ஒப்புக்கொள்வார்கள். அப்படிக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் நிபுணரிடம் பிள்ளையை ஒப்படைக்காமல் இருப்பதே மேல்.

அதே மாலின் பாதிரியார் நம் நாட்டுக்கென்று தழுவிய வைன்லாந்து அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. அதில் பிள்ளையிடம் கேள்வி கிடையாது. தானே சாப்பிடுகிறதா, சட்டை மாட்டிக்கொள்கிறதா, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறதா என்று பிள்ளையை நன்கு அறிந்தவரிடம் கேட்டு எழுதுவார்கள். பெரும்பாலும் பதில் சொல்ல வேண்டியவள் தாய். இந்தி சரியாக வராததால் அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தால், கணக்கு மறுபடியும் கோணல்தான். அன்றைக்குத் தகப்பனாருக்கு லீவு கிடைக்காவிட்டால், இந்தி பேசத் தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவையாவது கூட அழைத்துக்கொண்டு போகலாம்.