விடுதியை மதிப்பிட வேண்டிய நேரம் காலை ஏழரை

கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் பெற்றோர் தவறாமல் கேட்பது, "ஹாஸ்டல் எப்படி?" பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பட்டியல்: இத்தனை அறை, இத்தனை கட்டில், ஆர்.ஓ. தண்ணீர், வைஃபை. என்னென்ன இருக்கிறது என்று அது சொல்லும். அதெல்லாம் ஒழுங்காக இயங்குகிறதா என்று சொல்லாது.

அரசுத் தரப்பு அளவீடுகளும் இதில் அதிகம் கை கொடுப்பதில்லை. கல்வி நிறுவனங்களுக்கான என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு ஐந்து தலைப்புகள் உண்டு. மாணவர் தங்குமிடம் அவற்றுள் ஒன்றல்ல. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் நெடுநாள் இருந்துவந்த ஏழு அளவுகோல்களில் நான்காவது, உள்கட்டமைப்பு. அதில் பராமரிப்புக்கு ஆன செலவைக் கேட்டார்கள். செலவுக் கணக்கு சரியாக இருந்தும் குழாய் ஒழுகலாம். மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றதும் வெள்ளையடிப்பதும் நமக்குப் புதிதில்லை.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். விடுதிவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் கட்டட விதிகளில் உள்ள கணக்கு. 300 பேருக்கு 40,500 லிட்டர். மேல்நிலைத் தொட்டியும் மோட்டாரும் அதற்கேற்ப இருந்தால் காகிதத்தில் குறையில்லை. ஆனால் முந்நூறு பேரும் குளிப்பது வகுப்புக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில்தான். பகல் பதினொரு மணிக்குப் பார்வையிட்டால் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும். காலை ஏழரைக்கு மூன்றாம் மாடியில் வாளியோடு நிற்பவரிடம் கேட்டால்தான் நிலைமை தெரியும்.

பழுது பார்ப்பது வேறு, பராமரிப்பது வேறு. உடைந்த பிறகு சரிசெய்வது முதலாவது. உடையாமல் பார்த்துக்கொள்வது இரண்டாவது. குளியலறைத் தரையின் இணைப்பில் சிறு கசிவு என்று வைத்துக்கொள்வோம். பிளம்பருக்கு அது அரை நாள் வேலை. விட்டுவிட்டால் கீழ்த்தளக் கூரையில் ஈரம் இறங்கி, பெயின்ட் உரியும். பிறகு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பூச்சு பெயர்ந்து விழும். அப்போது தேவைப்படுவது பிளம்பர் அல்ல, எஸ்டிமேட்.

அந்த எஸ்டிமேட் நகர்வதில்தான் சிக்கல். வார்டன் பெரும்பாலும் ஒரு பேராசிரியர். விடுதி அவருக்குக் கூடுதல் பொறுப்பு. அரசுக் கல்லூரி என்றால் கட்டடம் பொதுப்பணித் துறையின் கையில். வார்டன் முதல்வருக்கு எழுத, முதல்வர் துறைக்கு எழுத, நிதி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். இதற்குள் ஒரு பருவம் ஓடிவிடும்.

இதே விடுதியில் மெஸ் மட்டும் எப்படியோ கண்காணிப்பில் இருக்கிறது. காரணம், பல கல்லூரிகளில் நடக்கும் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவு முழுவதையும் சாப்பிட்ட நாள்களால் வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்று பில் போடுகிறார்கள். அரிசி வீணானாலும் காய்கறி விலை கூடினாலும் மாணவர் பணம்தான் போகிறது. அதனால் மெஸ் கமிட்டி கணக்கைப் பார்க்கிறது. பில் தகவல் பலகைக்கு வருகிறது. கட்டடத்துக்கு இப்படிப்பட்ட கண்கள் இல்லை. அறை வாடகையை ஆண்டுத் தொடக்கத்தில் கட்டியதோடு சரி.

செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. பல விடுதிகளின் புகார்ப் பதிவேட்டில் தேதி, அறை எண், குறை என்று எழுத இடம் இருக்கும். சரிசெய்த தேதிக்கு இருக்காது. அந்த ஒரு பத்தியைச் சேர்த்து, புகார் கொடுத்தவரே கையெழுத்திட்டு முடித்துவைக்கட்டும். எத்தனை புகார் வந்தது, சராசரியாக எத்தனை நாளில் தீர்ந்தது, எவை நிலுவை என்பது மாதந்தோறும் மெஸ் பில்லுக்குப் பக்கத்திலேயே ஒட்டப்படட்டும். சிறு பழுதுகளுக்கு வார்டன் கையில் ஒரு தொகையும் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: புகார் குறைவாக இருப்பதாலேயே நல்ல விடுதி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சொல்லிப் பயனில்லை என்று மாணவர்கள் விட்டிருக்கவும் கூடும். பார்க்க வேண்டியது, வந்த புகார் தீர எத்தனை நாள் ஆனது என்பதை. பெற்றோரும் சேர்க்கையின்போது கட்டில் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.