வழிதவறுதல் என்னும் பாவனை

ஐரோப்பிய நகரங்களுக்குப் போய்வந்து எழுதும் நம் நண்பர்களிடம் ஒரு சித்தாந்தம் வேரூன்றிவிட்டது. வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுக் கால்போன போக்கில் நடக்க வேண்டும், வழிதவற வேண்டும், அப்போதுதான் நகரம் தன்னைக் காட்டும். இதற்குச் சாட்சிகளாக பாதலேர், வால்டர் பெஞ்சமின், கீ தெபோர் மூவரும் கூண்டில் ஏற்றப்படுகிறார்கள். சாட்சிகளை யாரும் விசாரிப்பதில்லை.

பாதலேர் பாரிஸில் பிறந்தவர். தாம் அறிந்த தெருக்களை ஹௌஸ்மனின் கடப்பாரை தரைமட்டமாக்குவதைப் பார்த்துக்கொண்டே நடந்தவர். பெஞ்சமின் 1933க்குப் பிறகு அங்கே அகதி. பாரிஸின் கூரையிட்ட கடைவீதிகளைப் பற்றித் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் குறிப்பெடுத்தவர். நூலை முடிக்காமலே 1940இல் இறந்தார். தெபோரோ 1956இல் தம் 'தெரீவ்' கொள்கையை எழுதியபோதே அதைப் பயணத்திலிருந்தும் உலாவலிலிருந்தும் பிரித்து வைத்தார். மூவருக்கும் ஊர் தெரியும். விடுதிக்குத் திரும்பும் மெட்ரோ நிலையத்தை மட்டும் தெரிந்தவனுக்குத் தவறவிட எந்த வழி இருக்கிறது?

தெபோரின் குழுவில் அப்தெல்ஹஃபீத் கதீப் என்றொருவர் இருந்தார். 1958இல் லே ஆல் சந்தைப் பகுதியை நடந்து ஆராய முனைந்தார். அந்தச் செப்டம்பரிலிருந்து வட ஆப்பிரிக்கர்கள் இரவில் தெருவில் நடமாடப் போலீஸ் தடை இருந்தது. கதீப் இருமுறை பிடிபட்டார். ஆய்வு அரைகுறையாகவே குழுவின் பத்திரிகையில் வந்தது; காரணத்தையும் சேர்த்தே அச்சிட்டார்கள். கால்போன போக்கு எல்லாக் கால்களுக்கும் அனுமதிக்கப்பட்டதில்லை என்பது தெபோரைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1961இல் அல்ஜீரியர்கள்மீது மீண்டும் இரவுத் தடை வந்தது. அக்டோபர் 17 அன்று அதை எதிர்த்து ஊர்வலம் வந்தவர்களைப் போலீஸ் அடித்துக் கொன்றது. பலரை ஸெய்ன் நதியில் வீசியது. ஸான் மிஷேல் பாலத்தருகே 2001இல் இதற்கொரு பலகை வைத்தார்கள். நோத்ர்தாம் பார்க்கப் போகிறவர்கள் கடக்கும் இடம்தான். அந்தப் பாலத்தின் மாலை வெளிச்சத்தை நம் கட்டுரைகளில் பலமுறை படித்திருக்கிறேன். பலகையைப் படித்ததில்லை.

நடக்க வேண்டாம் என்பதல்ல என் கட்சி. நடப்பதும் வாசிப்பின் ஒரு வகை. அதற்கும் எழுத்தறிவு வேண்டும். பாரிஸில் 1805இல் வந்த கதவிலக்க முறையையே எடுத்துக்கொள்ளலாம். நதிக்குக் குறுக்கே போகும் தெருவில் எண்கள் நதிப் பக்கமிருந்து தொடங்கும். நதியோடு போகும் தெருவில் நீரோட்டத்தின் திசையில் ஏறும். இது தெரிந்தவன் இரண்டு கதவுகளைப் பார்த்தே நதி எந்தப் பக்கம் என்று ஊகித்துவிடுவான். ஹௌஸ்மனின் கடன் கணக்குகளைச் சாடி 1868இல் ழூல் ஃபெரி ஒரு பிரசுரம் வெளியிட்டார். வங்கியில் பேரேடு எழுதுகிறவன் என்பதாலோ என்னவோ, அந்த அகன்ற வீதிகளில் எனக்கு முதலில் தென்படுவது கடன் பத்திரங்கள்தாம்.

பத்து நாள் விசாவில் போகிறவனுக்கு நகரம் அந்நியமாக இருப்பது இயல்பு. அந்த அந்நியத்தைத் தரிசனமென்று அச்சேற்றுவதைத்தான் நான் மறுக்கிறேன். அடுத்த பயணக் கட்டுரையை எழுதப்போகும் நண்பர் தாம் நடந்த ஒரே ஒரு தெருவின் பெயர்க் காரணத்தையாவது விசாரித்துவிட்டு எழுதட்டும்.