எந்தச் சிம் அட்டை?

பட்டப்படிப்பின் பொருட்டுக் கொழும்புக்குப் புறப்படவிருந்த நம் பழைய மாணவனொருவன், சென்ற மாதம் புதிய கைத்தொலைபேசியுடன் நம்மிடம் வந்தான். "ஐயா, எந்தக் கம்பனியின் சிம் அட்டையை வாங்கலாம்?" என்று வினவினான்.

முன்னர் நாட்டிலே ஐந்து கம்பனிகள் இருந்தன. 2018இல் எற்றிசலாற் ஹட்சுடனும், 2024இல் எயார்டெல் டயலொக்குடனும் சேர்ந்துவிட, மொபிட்டெல் உட்பட மூன்றே எஞ்சின. ஆயினும் தெரிவு எளிதன்று. விளம்பரம் கூறும் வேகம் காலி வீதிக்குப் பொருந்தலாம். அவன் உறங்கப்போவதோ வெள்ளவத்தை ஒழுங்கையொன்றின் உள்ளறையில். அலைகளுக்குச் சுவர் பகை. 900 மெகாஹேர்ட்ஸ் அலை கொங்கிறீற்றை ஓரளவு ஊடுருவும். 2100க்கு அவ்வலிமை குறைவு. திரையிலே கோடுகள் நிறைந்திருந்தாலும், இரவு 8 மணிக்கு அயலார் யாவரும் ஒரே கோபுரத்தைப் பகிர்வதால் வேகம் குன்றும். அந்தக் கூட்டத்தைக் கோடுகள் காட்டமாட்டா.

நாமும் ஒருகாலத்தில் மலிவு கண்டு ஏமாந்தவர்களே. தந்தையார் நோயுற்ற செய்தி, மறுநாட் காலை விடுதியை விட்டு வீதிக்கு இறங்கிய பின்னரே நம்மை வந்தடைந்தது. அந்த இரவை நாம் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, நண்பரின் அட்டைகளை இரவல் வாங்கி, ஒவ்வொன்றையும் இரவிலே கட்டிலருகே வைத்து அம்மாவுடன் பேசிப் பார்க்கும்படி கூறினோம். டேட்டாப் பொதியில் நள்ளிரவுக்குப் பின் மட்டும் பயன்படும் பங்கு எவ்வளவு என்பதையும் பார்க்கச் சொன்னோம்; சில பொதிகளில் பெரும்பங்கு உறங்குபவனுக்கே உரியது!

முந்தாநாள் இரவு அழைத்தான். குரல் தெளிவாகக் கேட்டது. எந்த அட்டை என்று கேட்க மறந்துவிட்டோம்.