சண்டித்தனம் செய்யும் கார்

அடிக்கடி நின்றுவிடும் காரும் கைக்குழந்தையும் ஒன்றுதான், அம்மணி! என்ன கஷ்டம் என்று வாய் திறந்து சொல்லாது. எப்போது அழுகிறது என்று கவனித்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: பெட்ரோல், காற்று, தீப்பொறி. எதில் குறை என்பதை நிற்கிற சமயமே காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் அணைகிறதா? காற்று நுழையும் வழியில் கரி படிந்திருக்கலாம். பல சமயம் சுத்தம் செய்தாலே போதும். மேடு ஏறுகையில் திணறி நிற்கிறதா? பெட்ரோல் பில்டர் அடைத்திருக்கலாம்; பம்பு சோர்ந்திருக்கலாம். சூடேறியதும் நின்று, ஆறினதும் கிளம்புகிறதா? இக்னிஷன் காயிலையோ, எஞ்சின் சுழற்சியை அறியும் சென்சாரையோ சோதிக்கச் சொல்லுங்கள். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரின் பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கிறீர்களா? வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கும். பானெட்டைத் திறந்து ஆறவிடுங்கள். பம்பின்மேல் ஈரத் துணி போட்டால் சீக்கிரம் வழிக்கு வரும்.

இவற்றைக் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். "நின்றுபோகிறது" என்று மட்டும் சொன்னால், அவர் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பார். பில் உங்கள் தலையில்தான் விடியும்!

முக்கியமான ஒன்று: ஓடும்போதே எஞ்சின் நின்றால் பதறிச் சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். ஸ்டியரிங் கனக்கும், இறுக்கிப் பிடியுங்கள். பிரேக்கை இலகுவாக்கும் சக்தி இரண்டொரு மிதிக்குத்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே விட்டுவிட்டு மிதிக்காமல், சீராக அழுத்தியபடி இடப்புறம் ஒதுங்குங்கள். வண்டி அப்புறம், முதலில் நீங்கள்.