காசு கொடுத்தால்தான் நல்ல மென்பொருளா?



என் பணி நிறைவு விழாவை நம் மாணவர் ஒருவர் மூன்று பகுதிகளாக யூடியூபில் ஏற்றியிருந்தார். மூன்றாம் பகுதியில் என் துணைவியார் பேசுகிறார். அவர் இப்போது இல்லை. அந்தக் காணொளிகள் என் கணினியிலேயே இருக்கட்டும் என்று, ஏற்றியவரிடம் கேட்டுக்கொண்டு, விளம்பரத்தில் கண்ட ஒரு மென்பொருளுக்குப் பணம் கட்டினேன். முதல் பகுதி இறங்கியது. யூடியூபில் ஏதோ மாறியதாம், மற்றவை இறங்கவில்லை. நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். பதிலே இல்லை.

குளத்தூருக்கு விடுமுறையில் வந்த பேரன் 'ஒய்டி-டிஎல்பி' என்பதைப் போட்டுத் தந்தான். இலவசம், திறந்த மூலம். இதன் மூதாதை 'யூடியூப்-டிஎல்' 2006-இலேயே வந்தது. 2020 அக்டோபரில் அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கம் புகார் செய்ய, கிட்ஹப் அதை நீக்கியது. நவம்பரில் திரும்ப வைத்தது. நிரல் எல்லார் கண்ணிலும் படுவதால், ஒன்று பழுதானால் யாராவது சரிசெய்துவிடுகிறார்கள். கறுப்புத் திரையில் கட்டளை தட்டச்சுவதுதான் என் வயதுக்குச் சிரமம். பேரன் எழுதித் தந்த தாள் மேசையில் ஒட்டியிருக்கிறது.

எனவே என் கருத்து: இதற்குப் பணம் கட்டாதீர்கள். ஆனால் கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், போலித் தளங்கள் நிறைய. அடுத்தவர் படத்தை அனுமதியின்றி எடுப்பது இலவச மென்பொருளானாலும் கட்டண மென்பொருளானாலும் தவறுதான்.

மூன்று பகுதிகளும் இப்போது பென்டிரைவில் உள்ளன. விழாவுக்கு வந்திருந்தவர்கள் வீட்டுக்கு வந்தால் பிரதி தருகிறேன்.