எந்தத் துப்பாக்கி போதும்? காட்டுவிலங்கு வேட்டை பற்றி எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மலாக்காவின் உம்பாய், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்தில் செம்பனை மறுநடவு நடக்கும் இடங்களில் எல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. இளஞ்செம்பனையின் அடியைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிடுகிறது காட்டுப்பன்றி. குருத்துப் போனால் கன்று பிழைக்காது; மீண்டும் நட வேண்டும், மீண்டும் காத்திருக்க வேண்டும். நாலைந்து ஏக்கரை நம்பி வாழும் சிறுதோட்டக்காரர் துப்பாக்கி உரிமம் உள்ள ஒருவரைத் தேடிப் போகிறார். வந்தவர் கையிலிருக்கும் தோட்டாவைப் போட்டுச் சுடுகிறார். அந்தத் துப்பாக்கியும் அந்தத் தோட்டாவும் அந்த விலங்குக்குப் போதுமா என்று யாரும் கேட்பதில்லை. இதில் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்: எது போதும் என்பதை விலங்கின் உடல், சுடும் தூரம், சுடும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். இம்மூன்றில் ஒன்றுக்குப் போதாவிட்டாலும் விசையை அழுத்தக் கூடாது. சட்டம் முழுமையாகக் காக்கும் விலங்கின்மீது எந்தத் துப்பாக்கியையும் நீட்டக் கூடாது.

விலங்கின் உடலைப் பற்றி இந்த நாட்டுக்கு முதலில் பாடம் சொன்னது செலாடாங். தமிழ்நாட்டில் காட்டுமாடு என்றும் காட்டெருமை என்றும் சொல்லும் அதே இனம்தான். வளர்ந்த கிடா ஆயிரம் கிலோ வரை எடை காணும். தோள் ஆளுயரத்துக்கு நிற்கும். ஆங்கிலேயர் காலத்தில் அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் அதைச் சுடுவதைப் பெருமையாகக் கருதினார்கள். அந்தப் பெருமைக்கு விலையும் கொடுத்தார்கள். மலாய்க் கூட்டு மாநிலங்களின் போலீஸ் ஆணையராக இருந்த எச்.சி. சையர்ஸ் 1897-இல் பகாங்கில் வேட்டைக்குப் போன இடத்தில் செலாடாங் முட்டி உயிரிழந்தார். துப்பாக்கிப் பழக்கத்திலேயே வாழ்ந்த ஒருவருக்கு நேர்ந்த கதி இது. கனத்த எலும்பும் தடித்த தசையும் கொண்ட உடலில் குண்டு இதயத்தையோ நுரையீரலையோ எட்டாமல் நின்றுவிட்டால், அந்த விலங்கு சாவதில்லை. வலியோடும் ஆத்திரத்தோடும் புதருக்குள் போய் நிற்கிறது. அடுத்து அந்தப் பக்கம் வருபவர் யாராக இருந்தாலும் ஆபத்து அவருக்குத்தான்.

இந்த அனுபவத்தைப் பல நாடுகள் சட்டமாகவே எழுதிவைத்திருக்கின்றன. அலாஸ்காவில் பைசன் சுட அனுமதி பெற்றவரின் ரைபிள், 200 கிரெய்ன் எடையுள்ள குண்டை 100 கஜத்திலும் 2,000 அடி-பவுண்டு ஆற்றலோடு செலுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் எருமை, யானை போன்ற விலங்குகளுக்கு குழல் அளவு .375 அங்குலத்துக்குக் குறைந்த ரைபிள் கூடாது என்பது பல நாடுகளின் விதி. 375 எச் அண்ட் எச் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 19 கிராம்; குழலை விட்டுப் புறப்படும்போது அதன் ஆற்றல் 5,500 ஜூலைத் தாண்டும். இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம் பயிர்ச்சேதத்துக்காக ஷாட்கன் பிடிப்பவருக்கும் குழலின் அளவையும் குண்டின் அளவையும் வரையறுத்துக் கொடுக்கிறது. இந்த விதிகள் எல்லாம் வேட்டைக்காரரின் வசதியை ஒட்டி எழுதப்பட்டவை அல்ல. விலங்கு விரைந்து சாக வேண்டும், காயத்தோடு தப்பக் கூடாது என்பதே அவற்றின் முக்கிய நோக்கம்.

ஆனால் போதுமான துப்பாக்கி கையில் இருப்பது கொல்வதற்கான அனுமதி ஆகிவிடாது. அமெரிக்கச் சமவெளியில் பைசனுக்கு எதிராக நின்றது முழுக்கப் போதுமான ரைபிள்தான். கோடிக்கணக்கில் திரிந்த அந்த இனம், 1889-இல் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 1,100-ஆகச் சுருங்கியிருந்தது. நம் நாட்டிலும் இதை உணர்ந்தவர் ஒரு வேட்டைக்காரரே. தியோடர் ஹப்பாக் 1905-இல் யானை, செலாடாங் வேட்டை பற்றி நூல் எழுதியவர். மலாயா செலாடாங்கின் அறிவியல் பெயரிலேயே அவர் பெயர் இருக்கிறது. அவரேதான் பின்னாளில் மலாயா வனவிலங்கு ஆணையத்துக்குத் தலைமை ஏற்று 1932-இல் அறிக்கை தந்தார். இன்றைய தாமான் நெகாரா 1930-களின் இறுதியில் உருவாக இடைவிடாமல் வாதாடினார். நீலகிரியில் 1877-இல் வேட்டைக்காரர்கள் தொடங்கிய சங்கத்தின் கதையும் இதுவே. 1879-இல் அங்கே வேட்டையை வரம்புக்குள் கொண்டுவரும் சட்டம் வந்தது. அந்தச் சங்கத்தின் வழிவந்த அமைப்பு இன்று ஊட்டியில் வனவிலங்குப் பாதுகாப்புக்கு உழைக்கிறது. விலங்கை நெருங்கி அறிந்தவர்களே அதற்காக முதலில் வாதாடியிருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவைப் போலக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒன்றிரண்டு செலாடாங்கைச் சுட அனுமதித்தால் அந்தப் பணம் காட்டைக் காக்க உதவுமே என்று சிலர் வாதிடுகிறார்கள். பெருங்கூட்டமாகத் திரியும் விலங்குக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். தீபகற்பத்தில் செலாடாங் சிறு சிறு கூட்டமாக, ஒன்றோடு ஒன்று தொடர்பற்ற காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. பசு ஓர் ஈற்றுக்கு ஒரு கன்றுதான் போடும். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு கிடா குறைந்தாலும் அது பேரிழப்பு. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செலாடாங்கை முழுப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. 2022-இல் வந்த திருத்தம் அச்சட்டத்தின் உச்ச அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட்டாகவும் உச்சச் சிறைத்தண்டனையை 15 ஆண்டாகவும் உயர்த்தியது. மலாக்காவில் இன்று செலாடாங் இல்லை. ஆனால் பகாங்கிலும் திரெங்கானுவிலும் காட்டோரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலை செய்கிறார்கள். அங்கே செலாடாங் கண்ணில் பட்டால் வனவிலங்குத் துறைக்குச் சொல்வது ஒன்றே நாம் செய்ய வேண்டியது.

இனி நம் வாசலுக்கு வரும் காட்டுப்பன்றி. செலாடாங்கோடு ஒப்பிட்டால் அது சிறிய விலங்குதான். ஆனால் பறவைக்கு உரிய குண்டுக்கு விழும் விலங்கு அல்ல. பெரிய கடுவன் நூறு கிலோவைத் தாண்டும். அதன் தோள்பட்டைமேல் தோலுக்கு அடியில் விரற்கடை கனத்துக்கு இறுகிய ஒரு படலம் கவசம்போல் இருக்கிறது; கடுவன்கள் ஒன்றோடு ஒன்று மோதும்போது கொம்புப்பல் ஆழமாகப் பாயாமல் காப்பது அதுதான். இதயம் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் தாழ்வில் இருக்கிறது. பறவைக்கு உரிய பி.பி. தோட்டாவின் ஒரு குண்டு அரைக் கிராம்கூடத் தேறாது. தோலைக் கிழித்துச் சீழ்வைக்கச் செய்யுமே தவிர உயிர்நிலையை எட்டாது. 12 போர் ஷாட்கனின் எஸ்.ஜி. தோட்டாவில் இருப்பவை வழக்கமாக ஒன்பது குண்டுகள். ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்கு மேல் பருமனும் மூன்றரை கிராம் எடையும் உள்ளது. நம் கைக்கு எட்டுவதில் பன்றிக்குப் போதுமானது எஸ்.ஜி.யும் அதைவிடப் பெரிய எல்.ஜி.யும்தான்.

அதுவும் கிட்டத்தில் மட்டுமே. 50, 60 மீட்டரிலேயே பன்றியை விழவைத்திருக்கிறோம் என்று அனுபவசாலிகள் சொல்வதை நாங்கள் மறுக்கவில்லை. விழுந்தவை கணக்கில் நிற்கின்றன, அடிபட்டு ஓடியவை கணக்கில் வருவதில்லை என்பதையே சுட்டுகிறோம். முனை குறுக்காத குழலிலிருந்து கிளம்பும் குண்டுகள், மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் வீதம் விரிந்துகொண்டே போகும். 20 மீட்டரில் அரை மீட்டர் அகலம். 40 மீட்டரில் ஒரு மீட்டர் அகலம். பன்றியின் உயிர்நிலையோ ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 40 மீட்டரில் ஒன்பதில் ஒரு குண்டாவது அந்த வட்டத்துக்குள் விழும் என்ற உறுதி இல்லை. மிச்சம் வயிற்றிலும் காலிலும் பாயும், அல்லது வெட்டவெளியில் போகும். 20 மீட்டரில் ஒன்றிரண்டாவது உள்ளே விழ வாய்ப்பு உண்டு. உரிமம் பெற்ற சுடுதளத்தில் ஒரு பெரிய தாளில் 20 சென்டிமீட்டர் வட்டம் போட்டு, அவரவர் துப்பாக்கியால் 20, 30, 40 மீட்டரில் சுட்டு, வட்டத்துக்குள் விழுந்த ஓட்டைகளை எண்ணிப் பார்க்கட்டும். குழலுக்குக் குழல் விரிவு மாறும். அந்தத் தாள் காட்டுவதே அந்தத் துப்பாக்கியின் எல்லை.

அப்படியானால் ரைபிள் கேட்டு வாங்கலாமே என்பது அடுத்த வாதம். விலங்கை மட்டும் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. இடத்தைப் பார்த்தால் இல்லை. ரைபிள் குண்டு இலக்கைத் தவறினால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் ஆளைக் கொல்லும். உம்பாய் கடலோரச் சமதரை. குண்டை நிறுத்த மேடோ மலையோ இல்லை. செம்பனை நிரைக்கு அடுத்தது கம்பம், கம்பத்துக்கு அடுத்தது சாலை, சாலைக்கு அப்பால் பள்ளியும் கடைத்தெருவும். எஸ்.ஜி. குண்டும் சில நூறு மீட்டர் போகும் என்பதால் ஷாட்கன் பிடித்தவருக்கும் இந்தக் கவலை வேண்டும். பன்றி நடமாடும் அதே விடியற்கருக்கலில்தான் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றிவிளக்கோடு நிரையில் நுழைகிறார்கள். அந்த விளக்கு அணைந்த நொடியில் அங்கே அசைவது மனிதரா பன்றியா என்று தெரியாது. பன்றி என்று எண்ணி ஆளைச் சுட்ட செய்தி இந்த நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. முழு உருவமும் தெரியாத இலக்கைச் சுட எந்தத் துப்பாக்கியும் போதாது.

எங்களை மிகவும் யோசிக்கவைத்தது ஏழைச் சிறுதோட்டக்காரரின் வாதம்தான். நல்ல தோட்டாவுக்குச் செலவு, உரிமத்துக்கு அலைச்சல், அதற்குள் கன்றுகள் போய்விடும் என்கிறார் அவர். அவருடைய நட்டம் உண்மை. ஆனால் போதாத தோட்டா அந்த நட்டத்தை நிறுத்துவதில்லை. அடிபட்ட பன்றி பக்கத்து நிலத்துக்குள் போய்ப் படுக்கிறது; காலையில் புல் வெட்ட வரும் பெண்ணின்மீது பாய்கிறது. அவசரத்துக்குக் கையால் செய்த துப்பாக்கியை நாடுவது இன்னும் கேடு. அது வெடித்துச் சுடுபவரின் கையையே பறிக்கும். 1971-ஆம் ஆண்டுச் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டப்படி உரிமமற்ற துப்பாக்கி வைத்திருப்பதற்கே 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. கம்பிக்கண்ணியும் தீர்வல்ல, அது பன்றி, மான், புலி என்று பார்ப்பதில்லை, சட்டமும் அதைத் தடை செய்திருக்கிறது.

கொல்வதே பாவம், சங்கம் இதைப் பற்றிப் பேசவே கூடாது என்று கருதும் உறுப்பினர்களும் எங்களிடம் உண்டு. அவர்களின் உணர்வை மதித்தே சொல்கிறோம்: துப்பாக்கி எங்களுக்குக் கடைசி வழிதான். ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கம்பிவலை கட்டுவதும், பல சிறுதோட்டக்காரர்கள் சேர்ந்து மின்வேலி போடுவதும் முதலில் நடக்க வேண்டும். அவை தோற்ற இடத்தில் சட்டத்துக்கு உட்பட்டுச் சுடுவது நடக்கத்தான் போகிறது. நாங்கள் பேசாமல் இருந்தால் அது நிற்காது, தவறாகத் தொடரும். கேரளம் 2022-இல் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைத்தபோதும், உரிமம் உள்ளவர்தான் சுட வேண்டும் என்ற வரம்பைக் கைவிடவில்லை. பொறுப்பு யாருடையது என்று தெளிவாக இருக்கும்போதுதான் விலங்குக்கும் மனிதருக்கும் பாதுகாப்பு.

ஆகவே வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடமும் காவல் துறையிடமும் நாங்கள் கேட்பது இவை. பன்றிவேட்டை உரிமம் தரும்போதே எஸ்.ஜி.க்குக் குறைந்த தோட்டா கூடாது என்றும் 20 மீட்டருக்கு அப்பால் சுடக் கூடாது என்றும் எழுத்தில் நிபந்தனை விதிக்க வேண்டும். உரிமம் புதுப்பிக்கும் முன் சுடுதளத்தில் தாள் சோதனை கட்டாயமாக வேண்டும். எந்த இரவில் எந்த நிரையில் சுடப் போகிறார்கள் என்பதைத் தோட்ட நிர்வாகமும் பால் வெட்டுவோரும் முன்கூட்டியே அறிய வேண்டும். வேலி போடும் சிறுதோட்டக்காரருக்கு அரசு மானியம் தர வேண்டும். எங்கள் உறுப்பினர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தோட்டா போதாதா, தூரம் கூடுதலா, பின்னால் ஆள் இருக்கலாமா என்று ஒரு நொடி ஐயம் வந்தாலும் துப்பாக்கியைத் தாழ்த்துங்கள். போன கன்றை மறுபடி நடலாம். போன உயிரைத் திருப்பித் தர யாராலும் முடியாது.