சைரனுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

தொண்டு செய்கிறவர்களை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. “நல்ல மனசோட ஓடுறாங்க, அவங்ககிட்டப் போய்க் கணக்குக் கேப்பீங்களா?” என்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. சென்னையும் டெல்லியும் கேட்டால் போதாது, நம் பேரூராட்சியும் ஊராட்சியும் கேட்க வேண்டும்.

காரணம் எளிது. ஓட்டலில் சாம்பார் சரியில்லை என்றால் அடுத்த ஓட்டலுக்குப் போகலாம். காட்ரோடு பிரிவில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவன் வண்டியைத் தேர்ந்தெடுக்க முடியாது. சிலிண்டரில் ஆக்ஸிஜன் இருக்கிறதா, வந்தவருக்குக் கழுத்தை அசைக்காமல் தூக்கத் தெரியுமா, பெரியகுளம் ஆஸ்பத்திரிக்கா, கானா விலக்குக்கா, வாடகை எவ்வளவு என்று எதையும் அவனால் கேட்க முடியாது. அவனுக்காக இன்னொருவர் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் உள்ளாட்சி.

“108 இருக்கிறதே” என்பீர்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த 108 பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் அது மாநில அரசின் ஒப்பந்தத்தில் ஓடுகிறது. நம் பேரூராட்சி மன்றத்துக்கு அதில் பேச்சில்லை. அதற்கு வெளியே அறக்கட்டளை வண்டி, சங்கத்து வண்டி, கட்சி வண்டி, தனியார் வண்டி என்று எத்தனையோ ஓடுகின்றன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பிரேக்கையும் டயரையும் பார்க்கும். மத்திய அரசின் ஆம்புலன்ஸ் விதிமுறை வண்டிகளை ஏ முதல் டி வரை நாலு வகையாகப் பிரித்திருக்கிறது. தேவதானப்பட்டியில் நிற்கும் வண்டி அதில் எந்த வகை என்று யாரைப் போய்க் கேட்பது? சத்தம் மட்டும் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

நம் மாவட்டத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, போடிக்கு மேலே குரங்கணி மலையில் தீ. மலையேற வந்தவர்களில் 23 பேர் மாண்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள். அதற்கெல்லாம் முன்னால் ஓடியவர்கள் மலையடிவாரத்து மக்களும் தோட்டத் தொழிலாளர்களும். வண்டி ஏறப் பாதையில்லாத இடத்திலிருந்து போர்வையிலும் டோலியிலும் வைத்துச் சுமந்து இறக்கினார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கும்பிட்டால் மட்டும் போதுமா? வெந்த உடம்பை எப்படித் தூக்குவது என்று அவர்களுக்கு முன்னதாகச் சொல்லித் தர வேண்டியது யார்? மலையடிவாரத்தில் நாலு மடக்கு ஸ்ட்ரெச்சரும் டார்ச்சும் தயாராக வைத்திருக்க வேண்டியது யார்?

சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர், உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத்தலைவர். ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் தளவாடங்களைத் தயாராக வைத்திருப்பதும் உள்ளாட்சியின் கடமை என்று 41-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. குரங்கணி எரிந்த அன்று தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவர்கூட இல்லை, எங்கும் தனி அலுவலர்தான். பிறகு விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்கு விதிகளும் வந்தன. ஏறுகிறவனுக்கு விதி வந்தது. அடிபட்டவனை இறக்குகிறவனுக்கு என்ன வந்தது?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே இன்றைக்கும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கொம்யூனின் தாய்நாட்டில், விபத்து, தீ, வெள்ளம் முதலியவற்றைத் தடுப்பதும் உதவி ஏற்பாடு செய்வதும் ஊர் மேயரின் கடமை என்று 1884-லேயே சட்டம் எழுதிவிட்டார்கள். பிரான்சின் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பேர் தன்னார்வலர்கள். ரொட்டிக் கடைக்காரர், வாத்தியார், விவசாயி என்று எல்லாரும் உண்டு. அவர்களுக்குப் பயிற்சி, சீருடை, படி, காப்பீடு, மேலதிகாரி எல்லாம் உண்டு. கணக்குக் கேட்பதால் தொண்டு மனம் சுருங்கிவிடும் என்றால் அந்த நாட்டில் இத்தனை பேர் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

நான் கேட்பது பெரிய இலாகா அல்ல. பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு. வண்டி எண், வகை, ஓட்டுநர், பயிற்சி பெற்றவர் பெயர், வாடகை உண்டா இல்லையா, உண்டென்றால் எவ்வளவு. அந்த வாடகை விவரம் பேருந்து நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் பலகையில் எழுதப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டார மருத்துவ அலுவலரும் தீயணைப்பு நிலைய அலுவலரும் மோட்டார் வாகன ஆய்வாளரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். புகார் வந்தால் மன்றக் கூட்டத்தில் படிக்க வேண்டும். பதிலுக்கு மன்றமும் கொடுக்க வேண்டும்: முதலுதவிப் பயிற்சி, காப்பீடு, ஸ்ட்ரெச்சர். கேட்பது மட்டும் மன்றத்தின் வேலை, கொடுப்பது இல்லை என்றால் அதற்குப் பெயர் மேற்பார்வை அல்ல, தொந்தரவு.

“அப்புறம் ரோட்டில் விழுந்தவனைத் தூக்கவும் லைசென்ஸ் கேட்பார்கள்” என்று பயப்பட வேண்டாம். கைம்மாறு எதிர்பாராமல் நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்கு வராது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். வழியில் போகிறவர் தாராளமாகத் தூக்கலாம். பதிவேடு, சைரன் வைத்துக்கொண்டு தினமும் ஓட்டுகிறவருக்கு. ஒழுங்காக ஓட்டுகிறவருக்கு அது கவசம். ஒளிக்க ஏதாவது வைத்திருக்கிறவருக்குத்தான் அது கசக்கும்.

அடுத்த முறை வீட்டு வரி கட்டப் போகும்போது செயல் அலுவலரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “சார், நம்ம ஊர்ல எத்தனை ஆம்புலன்ஸ் ஓடுது? உள்ளே என்னென்ன இருக்கு?” பதில் வராவிட்டால் மனுவாக எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். நம் வயதில், அந்த வண்டியில் அடுத்ததாகப் படுக்கப்போகிறவர் நாமாகவே இருக்கலாம்.